பழைய வேர்ட்பிரஸ் தளம் ஒன்று கைக்கு வந்தால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: "எங்கள் சிற்றிதழின் இணையதளம் 2006இல் வேர்ட்பிரஸில் தொடங்கியது. சுமார் 1,400 பதிவுகள் இருக்கின்றன. அமைத்துக் கொடுத்த நண்பரால் இனிமேல் பார்த்துக்கொள்ள முடியாது. ஹோஸ்டிங் இன்னும் 2 மாதத்தில் முடிகிறது, வேறு இடத்துக்குப் போக வேண்டும். தோற்றம் மிகப் பழையது, அதையும் மாற்ற வேண்டும். யாராவது ஹேக் செய்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. முதலில் தோற்றம், அப்புறம் பாதுகாப்பு, கடைசியில் இடமாற்றம் என்ற வரிசையில் கற்றுக்கொள்ளலாமா?"

வரிசையைத் தலைகீழாக்குங்கள். இடமாற்றத்தை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். தளத்தை அப்படியே எடுத்து உங்கள் கணினியில் ஒரு பிரதியாக ஓடவிடத் தெரிந்துவிட்டால், தோற்றத்தை மாற்றும்போது கை நடுங்காது. எது உடைந்தாலும் உடைவது பிரதிதான். பாதுகாப்பில் பாதி, நல்ல பேக்கப் கையில் இருப்பது. அந்த பேக்கப்பிலிருந்து தளத்தை மறுபடி எழுப்பத் தெரியாவிட்டால் அது வெறும் கோப்பு. பலரும் தோற்றத்தில் தொடங்கி, ஓடிக்கொண்டிருக்கும் தளத்திலேயே தீம் என்ற தோற்றத் தொகுப்பை மாற்றி, பக்கவாட்டுப் பட்டை எங்கே போனது என்று இரவெல்லாம் தேடுகிறார்கள். 1,400 பதிவுகள் இருக்கிற தளத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஆனால் இது எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றைக்கே, ஒரு காரியம். உங்கள் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஹோஸ்டிங் வேறு, டொமைன் வேறு: ஹோஸ்டிங் தளம் வைக்கப்பட்டிருக்கும் வாடகை இடம், டொமைன் தளத்தின் முகவரிப் பெயர். ஹோஸ்டிங் போனால் பேக்கப்பிலிருந்து மீட்கலாம். டொமைன் போனால் 2006 முதல் மற்றவர்கள் உங்களுக்குக் கொடுத்த இணைப்புகள் எல்லாமே போய்விடும். நண்பரின் மின்னஞ்சலில்தான் அந்தக் கணக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டாட் காம் போன்ற டொமைன்களில் உரிமையாளர் விவரத்தை மாற்றினால், வேறு பதிவு நிறுவனத்துக்கு நகர்த்த 60 நாள் பூட்டு விழக்கூடும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அந்தப் பூட்டு இருந்தாலும் டொமைனைப் புதிய ஹோஸ்டிங்கை நோக்கித் திருப்ப முடியும்.

இனி விஷயத்துக்கு வருவோம். வேர்ட்பிரஸ் தளம் என்பது இரண்டு பாதிகள். ஒன்று கோப்புகள், இன்னொன்று தரவுத்தளம். கோப்புகளில் மூன்று வகை. வேர்ட்பிரஸின் சொந்தக் கோப்புகளை எப்போது வேண்டுமானாலும் புதிதாக இறக்கிக்கொள்ளலாம். 'டபிள்யூபி-கன்டென்ட்' என்ற ஃபோல்டரில் தீம், பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்), நீங்கள் ஏற்றிய படங்கள் எல்லாம் இருக்கும். மூன்றாவது, 'டபிள்யூபி-கான்ஃபிக்' என்ற ஒரே ஒரு கோப்பு. தரவுத்தளத்தின் பெயரும் பாஸ்வேர்டும் அதில்தான் இருக்கின்றன. தரவுத்தளத்தில் பதிவுகள், மறுமொழிகள், பயனர்கள், மெனு, விட்ஜெட் (பக்கவாட்டுப் பட்டையில் வைக்கும் சிறு பெட்டிகள்), அமைப்புகள் இருக்கும். இந்தத் தளத்தில் எதைத் தொட்டாலும் "இது எந்தப் பாதியில் இருக்கிறது?" என்று கேட்டுக்கொள்ளப் பழகுங்கள். இப்போது நீங்கள் கேட்டிருக்கும் மூன்று வேலைகளுக்கும் அந்த ஒரு கேள்விதான் சாவி.

எடுத்துக்காட்டாக, பதிவில் ஒரு படம். படம் கோப்புப் பாதியில் இருக்கிறது. அது எந்த முகவரியில் இருக்கிறது என்ற தகவல் தரவுத்தளத்தில், முழு முகவரியாக, டொமைன் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பாதியை மட்டும் நகர்த்தினால் படம் இருக்கும், தெரியாது. அல்லது முகவரி இருக்கும், படம் இருக்காது. வேர்ட்பிரஸுக்குள்ளேயே இருக்கும் 'ஏற்றுமதி' வசதியை நம்பிப் பலர் ஏமாறுவது இதனால்தான். அது பதிவுகளையும் பக்கங்களையும் மறுமொழிகளையும் தருகிறது. தீம் அமைப்புகளையோ, பிளகின் அமைப்புகளையோ, விட்ஜெட்டுகளையோ தருவதில்லை. அவசரத்துக்கு உதவும், இடமாற்றத்துக்குப் போதாது.

கணினியில் பழகுவதற்கு லோக்கல், எக்ஸ்ஏஎம்பிபி என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. புதியவருக்கு லோக்கல் எளிது. முதலில் அதில் ஒரு காலித் தளம் போடுங்கள். நாலு பதிவு எழுதுங்கள், இரண்டு படம் ஏற்றுங்கள். அதை இன்னொரு காலித் தளமாக நகர்த்திப் பாருங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் போதும், கை பழகிவிடும். அப்புறம் உங்கள் உண்மையான தளத்தின் பிரதியை இறக்குங்கள். ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சிபேனலில் ஃபைல் மேனேஜர் வழியாக 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டரைச் சுருக்கி இறக்கலாம், தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கும் கருவியான பிஎச்பிமைஅட்மின் வழியாக அதை ஏற்றுமதி செய்யலாம். டூப்ளிகேட்டர், ஆல்-இன்-ஒன் டபிள்யூபி மைக்ரேஷன், அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பிளகின்கள் இதைத் தானாகச் செய்யும். எதிர்காலத்தில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் முதல் முறை கையால் செய்யச் சொல்வேன். 2006இல் தொடங்கிய ஒரு தளத்தை பிளகின் வழியாக நகர்த்தி அது நடுவில் நின்றுபோனால், எங்கே நின்றது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு வழி இருக்காது.

இங்கே தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இதை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பெரும்பாலும் தொடுவதே இல்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

2007இல் வந்த 2.2 பதிப்புக்கு முன், வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தின் எழுத்துக் குறியீட்டைத் தானாகத் தீர்மானிக்கவில்லை. தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லின் அன்றைய இயல்பான குறியீடு, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1. ஆகவே அந்தக் காலத் தளங்களில் தமிழ், யூனிகோடை எழுதிவைக்கும் முறையான யூடிஎஃப்-8இன் பைட்டுகளாகவே உள்ளே போனது, ஆனால் அட்டவணையின் மேல் 'லத்தீன்1' என்று சீட்டு ஒட்டியிருக்கும். உள்ளே போனபடியே வெளியே வந்ததால் யாருக்கும் தெரியவில்லை. தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றும் நாளில்தான் அந்தச் சீட்டு வேலையைக் காட்டும். பக்கம் முழுக்கத் தமிழுக்குப் பதில் தலையில் கோடு போட்ட 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் வரிசை வரிசையாக நிற்கும். பார்த்ததும் 1,400 பதிவுகளும் அழிந்துவிட்டதாக நினைத்து நெஞ்சு அடைக்கும். அழியவில்லை. அதே பைட்டுகள்தான், தவறான கண்ணாடி வழியே பார்க்கிறீர்கள்.

உங்கள் தளம் இந்த வகையா என்று இப்போதே சோதிக்கலாம். தளத்தில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதல்லவா? பிஎச்பிமைஅட்மினில் பதிவுகள் அட்டவணையைத் திறந்து அதே பதிவைப் பாருங்கள். அங்கேயும் தமிழாகத் தெரிந்தால் கவலை இல்லை. அங்கே மட்டும் குப்பையாகத் தெரிந்தால், சீட்டு மாறி ஒட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் பழைய கான்ஃபிக் கோப்பில் எழுத்துக் குறியீட்டுக்கான வரி ('டிபி_சார்செட்') எப்படி இருக்கிறதோ, அதையே புதிய இடத்திலும் வையுங்கள். அந்த வரியே இல்லையென்றால் புதிய இடத்தில் 'லத்தீன்1' என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் தமிழ் திரும்பி வந்துவிடும். நிரந்தரமாகச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. லத்தீன்1 என்றே சொல்லித் தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பில் அட்டவணைகளின் சீட்டையும், குறியீட்டைச் சொல்லும் 'செட் நேம்ஸ்' வரியையும் யூடிஎஃப்-8இன் முழு வடிவமான 'யூடிஎஃப்8எம்பி4' என்று மாற்றி, மறுபடி இறக்குமதி செய்ய வேண்டும். அதைப் பிரதியில் மட்டும், தனியாக ஒரு நாள் உட்கார்ந்து செய்யுங்கள். இடமாற்றத்தோடு சேர்த்துச் செய்ய வேண்டாம். இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தால் எது எதை உடைத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது, முகவரியை மாற்றுவது. உங்கள் பழைய தளம் எச்டிடிபியில் இருக்கும், புதியது பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் ஆக இருக்க வேண்டும். அதற்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை இப்போது பல ஹோஸ்டிங்குகளில் இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம். தரவுத்தளம் முழுக்கப் பழைய முகவரியைத் தேடிப் புதியதாக மாற்ற வேண்டும். உடனே தோன்றுவது, ஏற்றுமதி செய்த கோப்பை ஒரு எடிட்டரில் திறந்து எல்லாவற்றையும் ஒரே அடியில் மாற்றிவிடலாமே என்பது. செய்யாதீர்கள். வேர்ட்பிரஸ் பல அமைப்புகளை 'சீரியலைஸ்' செய்து வைக்கிறது. அதாவது ஒரு சொல்லுக்கு முன்னால் அதன் நீளத்தையும் சேர்த்தே எழுதி வைக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லைச் சேமித்தால் அதற்கு முன் 15 என்ற எண் இருக்கும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. இப்போது முகவரியில் 'எஸ்' என்று ஒரே ஓர் எழுத்தைச் சேர்க்கிறீர்கள். நீளம் ஒன்று கூடிவிட்டது, முன்னால் இருக்கும் எண் மாறவில்லை. படிக்கும்போது கணக்கு ஒத்துவராததால் அந்த அமைப்பு முழுவதையும், வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பிஎச்பி கைவிட்டுவிடும். விட்ஜெட்டுகள் காணாமல் போவதும், தீம் அமைப்புகள் வெறுமையாவதும் இப்படித்தான்.

நீளத்தையும் சேர்த்துத் திருத்தும் கருவிகள் இருக்கின்றன. கட்டளை வரியில் வேலை செய்ய முடிந்தால் டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி மாற்றும் கட்டளை மிகச் சிறந்தது. முதலில் ஒத்திகையாக ஓட்டி எத்தனை இடம் மாறும் என்று பார்க்கவும் அதில் வழி உண்டு. கட்டளை வரி வேண்டாம் என்றால் பெட்டர் சர்ச் ரீப்ளேஸ் என்ற பிளகின் இருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் 'ஜியூஐடி' என்ற நெடுவரிசையை மட்டும் விட்டுவிடுங்கள். ஓடை (ஆர்எஸ்எஸ்) வழியாகப் படிக்கும் வாசகர்களின் மென்பொருள் ஒரு பதிவை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். அதை மாற்றினால் பழைய பதிவெல்லாம் அவர்களுக்குப் புதிதாக வந்ததுபோல் காட்டக்கூடும்.

படங்களின் பெயர் தமிழில் இருந்தால் அங்கும் ஒரு கண் வையுங்கள். 'பொங்கல்' என்ற சொல்லில் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பார்வைக்கு வித்தியாசமே இல்லை. பைட்டுகள் வேறு. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை இவற்றைப் பிரித்தே சேமித்தது. அப்படிப்பட்ட கணினி வழியாகப் படங்களை இறக்கி ஏற்றினால், கோப்பின் பெயரும் தரவுத்தளத்தில் இருக்கும் பெயரும் கண்ணுக்கு ஒன்றாகவே இருக்கும், படம் மட்டும் திறக்காது. படங்களைச் சுருக்கிய ஒரே கோப்பாக சர்வரிலிருந்து சர்வருக்கே கொண்டுபோய், அங்கே விரித்தால் இந்தத் தொல்லை குறையும். இனி ஏற்றும் படங்களுக்கு ஆங்கில எழுத்திலேயே பெயர் வையுங்கள்.

பதிவின் நிரந்தர முகவரியான பெர்மாலிங்க்கிலும் இதேபோல ஒன்று. பதிவின் முகவரிப் பெயரை வேர்ட்பிரஸ் 200 இடங்களுக்குள் அடக்கி வைக்கிறது. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறியும் சதவீதக் குறியோடு மாறும்போது 9 இடம் பிடிக்கும். ஆக, 22 குறிகளோடு தீர்ந்துவிடும். 'கரிசல் காட்டு மனிதர்களும் மழையும்' என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தால், முகவரி 'கரிசல்-காட்டு-மனிதர்களும' என்று நிற்கும். மழை போய்விட்டது, கடைசி 'ம்'மின் புள்ளியும் போய்விட்டது. இரண்டு நீளமான தலைப்புகள் ஒரே மாதிரி தொடங்கினால் இரண்டாவதன் முகவரியில் எண் ஒட்டிக்கொள்ளும். பழைய பதிவுகளின் முகவரிகளைத் தொடாதீர்கள், வெளியில் இருக்கும் இணைப்புகள் அறுந்துவிடும். புதிய பதிவுகளுக்கு ஆங்கில எழுத்தில் சின்னதாக நீங்களே ஒரு பெயரை எழுதிவிடுங்கள். தமிழ் முகவரி அழகுதான், எனக்கும் ஆசைதான். ஆனால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது அது பெரும்பாலும் சதவீதக் குறிகளின் நீண்ட வாலாகத்தான் போய் விழுகிறது.

சரி, பாதுகாப்பு. அதை இடமாற்றத்தோடு பின்னிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹேக் ஆன தளத்தை நகர்த்தினால் ஹேக்கும் கூடவே வரும். அதனால் நகர்த்துவதற்கு முன் பரிசோதியுங்கள். லாகின் செய்யாத ஒரு கைபேசியில், கூகுள் தேடல் வழியாக உங்கள் தளத்துக்குள் நுழைந்து பாருங்கள். தேடலில் உங்கள் தளத்தின் பெயரில் ஜப்பானிய எழுத்திலோ மருந்துப் பெயர்களிலோ பக்கங்கள் வருகின்றனவா என்று பாருங்கள். பயனர் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத நிர்வாகி இருக்கிறாரா? படங்கள் ஏறும் ஃபோல்டருக்குள் பிஎச்பி கோப்புகள் ஏதாவது இருக்கின்றனவா? சில பிளகின்கள் உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுக் கோப்பு ஒன்றைப் போட்டு வைப்பதுண்டு, அதை விட்டுவிடலாம். மற்றபடி அங்கே பிஎச்பிக்கு வேலையே இல்லை.

எப்படியானாலும், புதிய இடத்துக்குப் பழைய கோப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகாதீர்கள். வேர்ட்பிரஸைப் புதிதாக இறக்குங்கள். பிளகின்களையும் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து புதிதாகவே இறக்குங்கள். பழைய இடத்திலிருந்து வர வேண்டியவை மூன்றுதான்: தரவுத்தளம், படங்கள், உங்களுக்கென்றே யாராவது எழுதிய தீம் இருந்தால் அது. பழைய தரவுத்தளத்தோடு புதிய வேர்ட்பிரஸைச் சேர்த்தால் நிர்வாகப் பக்கத்தில் "தரவுத்தளத்தைப் புதுப்பிக்க வேண்டும்" என்று கேட்கும். எத்தனை பதிப்பு தள்ளி இருந்தாலும் ஒரே தாவலில் வந்துவிடும். பழைய பிளகின்கள்தான் இடிக்கும். பிஎச்பி 7.4க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, நல்ல ஹோஸ்டிங்குகள் இப்போது 8 வரிசையில்தான் ஓடுகின்றன. 2010 வாக்கில் எழுதப்பட்டு அப்படியே விடப்பட்ட பிளகின் அதில் விழுந்துவிடும். அது பிரதியில் விழுந்தால் உங்களுக்கு நல்லதுதான்.

உங்கள் சிற்றிதழ் மேல் யாருக்கும் கோபம் இருக்க வேண்டியதில்லை. ஓட்டை இருக்கும் பிளகினைத் தேடி இணையம் முழுவதையும் துழாவும் இயந்திரங்களுக்குச் சிறிய தளம், பெரிய தளம் என்ற பேதம் கிடையாது. 2017 ஜனவரி 26 அன்று வேர்ட்பிரஸ் 4.7.2 வந்தது. லாகின் இல்லாமலே யாரும் பதிவுகளைத் திருத்தக்கூடிய ஓட்டை ஒன்று அதில் அடைக்கப்பட்டிருந்தது. ஓட்டையைப் பற்றி ஒரு வாரம் சொல்லாமல் வைத்திருந்து, பிப்ரவரி 1 அன்றுதான் வெளியிட்டார்கள். தானியங்கிப் புதுப்பிப்பு இருந்த தளங்கள் அதற்குள் தப்பித்துவிட்டன. அதை நிறுத்தி வைத்திருந்த தளங்களில் லட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன. சிறு திருத்தப் பதிப்புகளைத் தானாகவே போட்டுக்கொள்ளும் வசதி 2013இல் வந்த 3.7 முதல் இருக்கிறது. உங்கள் நண்பர் அதை நிறுத்தி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள், நிறுத்தியிருந்தால் திறந்துவிடுங்கள்.

பிளகின் விஷயத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்று ஒரு பிளகின், சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்தது. 2017இல் அதை எழுதியவர் வேறு ஒருவருக்கு விற்றார். புதிதாக வாங்கியவர் அடுத்தடுத்த புதுப்பிப்புகளில், தளத்துக்குள் விளம்பரப் பதிவுகளை நுழைக்கும் நிரலைச் சேர்த்துவிட்டார். லாகின் செய்தவருக்கு அந்தப் பதிவுகள் தெரியாது, வருகிற வாசகருக்கு மட்டுமே தெரியும். கடைசியில் வேர்ட்பிரஸ் தளம் அதை நிரந்தரமாக நீக்கியது. ஆகவே புதுப்பித்தால் மட்டும் போதாது, எண்ணிக்கையும் குறைய வேண்டும். ஒவ்வொரு பிளகினும் நீங்கள் முன்பின் பார்க்காத ஒருவருக்குக் கொடுத்த வீட்டுச் சாவி. உங்கள் தளத்துக்கு ஏழெட்டுக்கு மேல் தேவைப்படாது. வேண்டாததை முடக்கி வைக்காமல் அழித்துவிடுங்கள். முடக்கினாலும் கோப்பு சர்வரில்தான் கிடக்கும், அதை நேரடியாகத் தொட முடியும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை, உரிமப் பூட்டை உடைத்த 'நல்டு' பிரதியாக இலவசமாக யாராவது தந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அவற்றுக்குள் பின்வாசல் வைத்து விநியோகிப்பது பலகாலமாக நடக்கிற தொழில்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பரின் நிர்வாகிக் கணக்கை எழுத்தாளர் நிலைக்கு இறக்குங்கள். நீக்குவதாக இருந்தால் அவர் பெயரில் உள்ள பதிவுகளை யாருக்கு மாற்றுவது என்று வேர்ட்பிரஸ் கேட்கும், அந்த இடத்தில் கவனம். 'அட்மின்' என்ற பெயரில் கணக்கு வேண்டாம். நீளமான பாஸ்வேர்ட், இரண்டடுக்குச் சரிபார்ப்பு இரண்டும் வேண்டும். கோப்புகளை ஏற்றும் எஃப்டிபி கணக்குகள், தரவுத்தள பாஸ்வேர்ட், கான்ஃபிக் கோப்பில் இருக்கும் ரகசிய விசைகள் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். விசைகளை மாற்றினால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வெளியேற்றப்படுவார்கள். நிர்வாகப் பக்கத்திலிருந்தே தீம் கோப்புகளைத் திருத்தும் வசதியைக் கான்ஃபிக்கில் ஒரு வரி சேர்த்து மூடிவிடலாம். படங்கள் ஃபோல்டரில் பிஎச்பி ஓடாதபடி தடை போடச் சொல்லி ஹோஸ்டிங்காரர்களிடமே கேட்கலாம். கைபேசிச் செயலி வழியாகப் பதிவிடவில்லை என்றால், ஜெட்பேக் பிளகினும் இல்லை என்றால், வெளிச் செயலிகள் தளத்தோடு பேசும் வாசலான எக்ஸ்எம்எல்-ஆர்பிசியை மூடிவிடுங்கள். ஒரே கோரிக்கையில் நூற்றுக்கணக்கான பாஸ்வேர்டுகளை முயல அதைத்தான் பயன்படுத்தினார்கள். லாகின் பக்கத்தின் முகவரியை ஒளித்து வைப்பது, அட்டவணைப் பெயரின் முன்னொட்டை மாற்றுவது இவற்றுக்கெல்லாம் ஏற்கெனவே ஓடுகிற தளத்தில் நேரம் செலவழிக்க மாட்டேன்.

பேக்கப்பைப் பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அதைத் தளம் இருக்கும் சர்வரிலேயே வைக்காதீர்கள். அதிலும் யாரும் உலாவியில் திறக்கக்கூடிய ஃபோல்டரில், 'பேக்கப்' என்று பெயர் வைத்து, தரவுத்தளத்தின் பிரதியை விட்டுவைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பெயர்களை ஊகித்துத் தேடுவதற்கென்றே இயந்திரங்கள் ஓடுகின்றன. ஒரு பிரதி கணினியில், ஒரு பிரதி கிளவுடில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து தளத்தை லோக்கலில் எழுப்பிப் பாருங்கள்.

இப்போது தோற்றத்துக்கு வரலாம். உங்களிடம் பிரதி இருக்கிறது, மனம்போல் விளையாடலாம். பழைய தீமை உயிர்ப்பிக்க முயலாமல், வேர்ட்பிரஸோடு வரும் ட்வென்டி ட்வென்டி-ஃபைவ் போன்ற பிளாக் தீமிலிருந்து தொடங்குங்கள். நிரல் தெரியாமலே தலைப்பகுதி, அடிப்பகுதி, பதிவுப் பக்கம் எல்லாவற்றையும் தள எடிட்டரில் மாற்றலாம். பக்கம் கட்டும் பெரிய பிளகின்கள் வேண்டாம் என்பது என் கருத்து. 10 வருடம் கழித்து அந்தப் பிளகினை எடுத்தால் பதிவுக்குள் சதுர அடைப்புக்குறிகளும் துண்டு நிரல்களும் மிஞ்சிப்போகிற கதையை நிறைய பார்த்தாயிற்று. ஓர் இலக்கிய இதழின் பதிவு, எந்தத் தீமிலும் படிக்கக்கூடிய வெறும் எழுத்தாக இருக்க வேண்டும்.

இங்கேயும் அதே கேள்விதான்: இது எந்தப் பாதியில்? தள எடிட்டரில் செய்யும் மாற்றங்கள் தீம் கோப்புகளுக்குப் போவதில்லை, தரவுத்தளத்தில் சேர்கின்றன. அதனால் தீம் புதுப்பிக்கப்பட்டாலும் அவை அழியாது. தரவுத்தளத்தை நகர்த்தினால் கூடவே வரும். தீம் கோப்பையே நேரடியாகத் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் அடித்துக்கொண்டு போய்விடும். கோப்பைத் தொட்டே ஆக வேண்டும் என்றால்தான் சைல்டு தீம், அதாவது மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் தனியாக வைக்கும் துணைத் தீம். பழைய பாணித் தீம்களில், கஸ்டமைசர் என்ற அமைப்புப் பக்கத்தில் எழுதிய கூடுதல் சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) அந்தத் தீமோடு கட்டப்பட்டது. தீமை மாற்றினால் மறைந்துவிடும், திரும்பினால் திரும்ப வரும். இதைத் தெரியாமல் எல்லாம் போய்விட்டதென்று மறுபடி எழுதுபவர்கள் உண்டு.

தமிழுக்காக நான்கு இடங்களைக் கட்டாயம் கவனியுங்கள். எழுத்துரு: நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், மீரா இனிமை, ஹிந்த் மதுரை எல்லாம் இலவசம். 2024இல் வந்த 6.5 பதிப்பு முதல் எழுத்துரு நூலகம் உள்ளேயே இருக்கிறது, அங்கிருந்தே நிறுவலாம். அது எழுத்துருவை உங்கள் சர்வரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளும். இரண்டாவது, வரி இடைவெளி. ஆங்கிலத்துக்கு வைத்த 1.5 தமிழில் நெரிசலாக இருக்கும். மேலே இகரக் கொக்கி, கீழே உகரச் சுழி என்று நம் எழுத்து இரண்டு பக்கமும் இடம் கேட்கும். 1.7, 1.8 வைத்துப் பாருங்கள், நீண்ட கட்டுரை படிக்க எவ்வளவு இதமாக இருக்கிறது என்று தெரியும். மூன்றாவது, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி. பல தீம்கள் தலைப்பு எழுத்துகளை நெருக்கி வைக்கும். அதைப் பூஜ்யமாக்குங்கள், இல்லையென்றால் எழுத்தும் அதன் குறியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நான்காவது, சாய்வெழுத்து. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் உண்மையான சாய்வெழுத்து கிடையாது, உலாவி எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும். மேற்கோள்களுக்குச் சாய்வை எடுத்துவிட்டு நிறத்தையோ ஓரக்கோட்டையோ பயன்படுத்துங்கள். இருபுறமும் சீராக வரிகளை இழுக்கிற அமைப்பும் கைபேசியில் வேண்டாம். 'எழுதிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' மாதிரி ஒரு சொல் வந்தால் முந்தின வரியில் பள்ளம் விழும்.

எல்லாம் பிரதியில் சரியாக வந்தபின் உண்மையான மாற்றம். ஒரு வாரம் முன்பே புதிய பதிவுகளையும் மறுமொழிகளையும் நிறுத்துவதாக வாசகர்களிடம் சொல்லிவிடுங்கள். கடைசி பேக்கப்புக்குப் பின் வருபவை விடுபட்டுப்போகும். முந்தின நாளே டொமைனை சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில், பழைய விவரத்தை எவ்வளவு நேரம் நினைவில் வைப்பது என்று சொல்லும் டிடிஎல் அளவை 300 விநாடிக்கு இறக்கினால் மாற்றம் சீக்கிரம் பரவும். டிஎன்எஸ் விவரங்களையெல்லாம் வைத்திருக்கும் பெயர்ச்சேவையகங்களை மாற்றாமல், தளம் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் 'ஏ' பதிவை மட்டும் மாற்றுங்கள். இதை நான் கற்றது கசப்பான வழியில். ஒரு சிறு பதிப்பகத்தின் தளத்தை நகர்த்தியபோது பெயர்ச்சேவையகங்களையே மாற்றினேன். தளம் அழகாக வந்தது. அவர்களின் மின்னஞ்சல் பழைய ஹோஸ்டிங்கில் இருந்ததையும், அதற்கான 'எம்எக்ஸ்' பதிவை நான் புதிய இடத்தில் எழுதவில்லை என்பதையும் மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். புத்தகக் கண்காட்சி நேரம். அந்த மூன்று நாளில் வந்த ஆர்டர் கடிதங்கள் திரும்பவே இல்லை. உங்கள் ஆசிரியர் குழுவின் மின்னஞ்சல் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

புதிய சர்வரில் தரவுத்தளத்தை ஏற்றும்போது தெரியாத 'கொலேஷன்' (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) என்று பிழை வந்தால், பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல் 8இல் எடுத்ததைப் பழைய பதிப்பிலோ அதன் கிளையான மரியாடிபியிலோ ஏற்றுகிறீர்கள் என்று பொருள். கோப்பில் அந்தப் பெயரை 'யூனிகோட் சிஐ' வகைக்கு மாற்றினால் போதும். முகப்புப் பக்கம் மட்டும் வந்து மற்றதெல்லாம் 404 (பக்கம் இல்லை) என்றால், புள்ளியில் தொடங்கும் 'எச்டிஆக்ஸஸ்' கோப்பு மறைந்திருந்ததால் விடுபட்டிருக்கும். பெர்மாலிங்க் அமைப்பைத் திறந்து ஒன்றையும் மாற்றாமல் சேமித்தால் அது மறுபடி எழுதப்படும். பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தால் 'டபிள்யூபி-கன்டென்ட்'டில் வேகத்துக்காகப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் பழைய கேஷ் பிளகின் விட்டுப்போன கோப்புகளைத் தேடுங்கள். அவற்றில் பழைய சர்வரின் பாதை எழுதியிருக்கும். கடைசியாக, பிரதியில் பழகும்போது "தேடுபொறிகள் வர வேண்டாம்" என்ற பெட்டியில் குறி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது தரவுத்தளத்தில் இருக்கிறது, கூடவே வந்திருக்கும்.

பழைய ஹோஸ்டிங்கை உடனே ரத்து செய்ய வேண்டாம், இரண்டு வாரமாவது இருக்கட்டும். 2 மாதக் கெடுவில் முதல் மாதத்தைப் பிரதியில் பழகுவதற்கே வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு பிஎச்பிமைஅட்மினில் ஒரு பழைய பதிவைத் திறந்து அங்கே தமிழ் எப்படித் தெரிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். கான்ஃபிக் கோப்பில் எழுத்துக் குறியீட்டு வரி என்ன என்பதையும் எழுதுங்கள். கோப்பை முழுவதுமாக ஒட்டிவிடாதீர்கள், அதே கோப்பில்தான் பாஸ்வேர்டும் இருக்கிறது. அந்த ஒரு வரி மட்டும் போதும், அடுத்து என்ன செய்வது என்று அதிலிருந்து சொல்லிவிடலாம்.